ஐஸ்பிரேக்கருக்கு ஒரு சொல்: ‘பழகு விளையாட்டு’ பொருந்துமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

கூட்டத் தொடக்கத்தில் கூச்சம் விலகிப் பேச்சு வருவதற்காக வைக்கும் சிறு விளையாட்டை ஆங்கிலத்தில் ஐஸ்பிரேக்கர் என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்டிருந்தேன். யோசித்து எழுதிய எல்லோருக்கும் நன்றி. வந்த சொற்களை மன்றத்துப் பிள்ளைகளிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். வாயில் நிற்கிறதா என்பதுதான் எனக்கு முதல் சோதனை. எங்கள் இளைஞர் மன்றத்தின் கூட்டக் குறிப்பேட்டில் இந்தச் சொல்லை மாதம் இரண்டு முறையாவது எழுத வேண்டியிருக்கிறது. இதுவரை ‘அறிமுக ஆட்டம்’ என்று எழுதிவந்தேன். அதில் எனக்கு நிறைவில்லை. ஏன் என்பதற்குப் போன ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன்.

நூலகத் திண்ணையில் கூட்டம். 22 பேர் வந்திருந்தார்கள். இரண்டு தெருக்களைச் சேர்ந்த பிள்ளைகள், தெருவுக்கொரு சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். பெயர் எல்லோருக்கும் தெரியும். ஒரே பள்ளியில் படித்தவர்கள்கூட உண்டு. அறிமுகம் தேவையே இல்லை, ஆனாலும் பேச்சில்லை. ‘வாயைத் திறக்காமல், பிறந்த மாத வரிசைப்படி வந்து நில்லுங்கள்’ என்றேன். ஒரு பெண் ஏழு விரலைக் காட்டினாள். எதிர்ச்சுவரிலிருந்து வந்த ஒரு பையனும் ஏழு காட்டினான். சரிதான் என்று இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டார்கள். கடைசியில் ஒவ்வொருவராக வாய்விட்டுச் சொல்லச் சொன்னபோது அவன் ‘ஜூலை’ என்றான், அவள் ‘ஐப்பசி’ என்றாள். அவள் சித்திரையிலிருந்து எண்ணியிருக்கிறாள்! வரிசையே சிரித்துக் குலைந்துபோனது. ‘ஐப்பசின்னா அக்டோபரா, நவம்பரா?’ என்று அவன் கேட்க, அவள் பதில் சொல்ல, நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். அதற்கப்புறம் யாரும் பழைய சுவருக்குத் திரும்பவில்லை.

இங்கே நடந்ததற்கு என்ன பெயர்? இனி நீங்கள் சொன்ன சொற்களுக்கு வருகிறேன்.

> பனியுடைப்பு, பனியுடைப்பான்

உறைந்த கடலில் வழி வெட்டிக்கொண்டு போகும் கப்பலுக்குப் ‘பனியுடைப்பான்’ நன்றாகப் பொருந்தும், அதை அங்கேயே வைத்துக்கொள்ளலாம். நமக்குப் பனி பெய்யும், மூடும், விலகும். நம் பேச்சில் அது உடைவதில்லை. மார்கழிக் காலையில் புல்லின்மேல் இருப்பதுதான் எங்கள் பிள்ளைகளுக்குப் பனி. மனிதர்களுக்கு நடுவே இருப்பதை நாம் கூச்சம் என்கிறோம்.

> கூச்சம்போக்கி

பொருள் சரி. ஆனால் ‘போக்கி’ என்றதும் மருந்துக்கடை நினைவு வருகிறது. அதைவிட, ‘இப்போது கூச்சம்போக்கி விளையாடலாம்’ என்று அறிவித்தால், கூச்சப்படுகிற பிள்ளை தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று இன்னும் குறுகிப்போகும். குறையைப் பெயரிலேயே சுட்டிக்காட்டக் கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு.

> பழஞ்சொல்லை மீட்கலாமே: ஓரை, பண்ணை, கெடவரல்

‘கெடவரல் பண்ணை ஆயிரண்டும் விளையாட்டு’ என்று தொல்காப்பிய உரியியல் சொல்வதைப் படிக்கும்போதெல்லாம் மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் பண்ணை இன்று கோழிக்கும் மாட்டுக்கும் போய்விட்டது. சங்கப் பாட்டில் பெண்கள் ஆடிய ஓரை இப்போது நாள்காட்டியில் சுக்கிர ஓரை, குரு ஓரை என்று நிற்கிறது. கெடவரலை ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டும், அதுவும் ‘கெட’ என்று தொடங்குகிறது. இவை மூன்றுமே பொதுவாக விளையாட்டைக் குறிப்பவை. நமக்குத் தேவை ஒரு தனி வகைக்கான பெயர்.

> தெளியாட்டம்

இது எனக்கு மிகவும் பிடித்தது. பயம் தெளிவது, கூச்சம் தெளிவது எல்லாம் நாம் அன்றாடம் சொல்வதுதான். சிக்கல் சொற்களைச் சேர்க்கும் புணர்ச்சியில் வருகிறது. சேர்த்து எழுதினால் ‘தெளியா ஆட்டம்’ என்று எதிர்மறையாகவும் படிக்க இடமிருக்கிறது. நான் முதலில் எழுதிப் பார்த்த ‘பழகாட்டம்’ என்பதற்கும் இதே கதிதான்.

ஆகவே ‘பழகு விளையாட்டு’ என்று முன்வைக்கிறேன். தேடுபொறி, தொடுதிரை போல இதுவும் வினைத்தொகை. அந்த இரண்டும் யாரும் வற்புறுத்தாமலே புழக்கத்துக்கு வந்துவிட்டன. இரண்டு சுவரோரமும் இருந்தவர்கள் அன்றைக்குச் செய்ததும் அதுதான், பழகினார்கள். ‘ஒரு பழகு விளையாட்டு வைத்துவிட்டுக் கூட்டத்தை ஆரம்பிக்கலாம்’ என்று சொல்லிப் பாருங்கள், இடறவில்லை.

பெயரோடு வரையறையும் வேண்டும். நான் நினைப்பது இது: கூட்டத்தின் தொடக்கத்தில் பத்து நிமிடத்துக்குள் முடிவது; ஒருவர் இன்னொருவரைப் பார்த்தோ பேசியோதான் ஆட முடியும் என்றிருப்பது; யாரையும் வெளியேற்றாதது. திட்டமிடும்போது மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இசை நின்றதும் நாற்காலி பிடிக்கும் ஆட்டத்தை முதலில் வைத்தால், யாரையும் இடிக்கத் தயங்கும் பிள்ளைதான் முதலில் வெளியே போகும். மீதி நேரம் முழுக்க அது சுவரோரம்தான். கபடியில்கூட அவுட் ஆனவர், எதிரணியில் ஓர் ஆள் விழுந்தால் உள்ளே வந்துவிடுகிறார். முதல் பத்து நிமிடத்துக்கு அந்த வழிகூடத் தேவைப்படக் கூடாது.

இந்த வரையறையை வைத்துப் பார்த்தால் சாரணர் முகாம்களில் வைக்கும் கிம் விளையாட்டு இதற்குள் வராது. பட்டியல்களில் அதையும் இதோடு சேர்த்துவிடுகிறார்கள். ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங்கின் ‘கிம்’ நாவலிலிருந்து, சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் எடுத்துக்கொண்ட ஆட்டம் அது. தட்டில் இருபது முப்பது சிறு பொருள்களைப் பரப்பி, ஒரு நிமிடம் காட்டி மூடிவிட்டு, நினைவிலிருந்து எழுதச் சொல்வார்கள். அருமையான ஆட்டம்தான். ஆனால் பக்கத்தில் இருப்பவர் முகத்தையே பார்க்காமல் ஆடி முடிக்கலாம். அது நினைவு விளையாட்டு. கூட்டத்தின் நடுவில் வைக்கலாம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொருகும்போது வைக்கிற எனர்ஜைசருக்குச் ‘சோம்பல்முறி’ போதும் என்று நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், அதைத் தனி இழையாக வைத்துக்கொள்ளலாம்.

எனக்கே ஒரு தயக்கம் இருக்கிறது. சைக்கிள் பழகுவது, சிலம்பம் பழகுவது என்னும்போது ‘பழகு’ என்றால் பயிற்சி. ‘பழகு விளையாட்டு’ என்று கேட்டதும் போட்டிக்கு முன் ஆடும் பயிற்சி ஆட்டத்தை யாராவது நினைப்பார்களா? இங்கே ‘பயிற்சி ஆட்டம்’ என்ற பெயரே ஊன்றிவிட்டதால் குழப்பம் வராது என்று நம்புகிறேன். இலங்கை நண்பர்கள்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். உங்கள் இளைஞர் கழகக் கூட்டத்தில் இந்தச் சொல்லைச் சொன்னால் முதலில் எந்தப் பொருள் காதில் விழுகிறது? நாலு பேரிடம் கேட்டு எழுதினால் பேருதவியாக இருக்கும். வரும் ஞாயிறு கூட்டத்துக்குக் குறிப்பேட்டில் முதல் வரியாக ‘பழகு விளையாட்டு: 10 நிமிடம்’ என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன். உங்கள் பதில் பார்த்துவிட்டுத்தான் பேனாவால் எழுத வேண்டும்.

அன்புடன்.