ஒருவர் செய்த ஆய்வை இன்னொருவர் திருப்பிச் செய்தபோது: உங்கள் அனுபவம் என்ன?

வாவிக்கரை:
பழைய தீசிஸ் ஒன்றைக் கையில் தந்து, அதே இடங்களில் மட்டக்களப்பு வாவியின் உப்பைத் திரும்ப அளக்கச் சொன்னார்கள். கல்லடி, பட்டிருப்பு, மண்டூர்ப் பக்கம். மாதமும் அதே, கருவியும் அதே. அளவு கிட்டவும் வரவில்லை. அவர்களுடைய அட்டவணையில் கடலுக்குச் சற்றே குறைந்த உப்பு, எங்கள் போத்தலில் கிட்டத்தட்ட நல்ல தண்ணீர். கருவியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தோம். பாலமீன்மடுவில் தோணியைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்த ஐயா ஒருவர் கேட்டார்: "புள்ள, அவங்க அளந்தது முகத்துவாரம் வெட்டின பிறகா, வெட்ட முதலா?"

தீசிஸ் முழுக்கத் தேடினோம், அந்த ஒரு வரி இல்லை. வாவி கடலோடு சேரும் அந்த வாயை மணல் அடைத்திருந்தால் மழைத் தண்ணீர் தேங்கி உப்பு இறங்கும், வாய் திறந்தால் கடல் உள்ளே வரும். மட்டக்களப்பில் எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று எழுதாமல் விட்டிருப்பார்கள் போல. எழுதியவர் வெளிநாட்டில், மெயிலுக்குப் பதில் இல்லை. வாவிதான் மாறிவிட்டதா, வாய் மூடிக் கிடந்ததா என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை.

காரைதீவான்:
எங்களுக்கு வந்தது பள்ளிப் பிள்ளைகளின் சாப்பாட்டைப் பற்றிய ஒரு சர்வே கோப்பு. அறிக்கையில் இருந்த சதவீதங்களைத் திரும்பக் கணக்கிட்டால் சரிவரவில்லை. வயதுப் பிரிவு நிரலைத் திறந்து பார்த்தேன். 5-9 என்று இருக்க வேண்டிய இடமெல்லாம் 05-செப். 10-12 எல்லாம் 10-டிச. 13-15 மட்டும் தப்பியிருந்தது, ஏனென்றால் 15ஆம் மாதம் என்று ஒன்று இல்லை. எக்செல் தானாகவே திகதி ஆக்கிவிட்டது. அறிக்கையின் அட்டவணையில் சின்னப் பிள்ளைகளையே காணோம்! மரபணுக்காரர்களுக்கும் இதே தொல்லைதான். மார்ச்1, செப்ட்1 என்ற மரபணுப் பெயர்களெல்லாம் திகதியாகிப் போய், கடைசியில் 2020இல் பெயர்களையே மாற்றினார்கள்.

ஒலுவில் காற்று:
காரைதீவுத் தம்பி, எக்செலில் பழியைப் போட்டு வேலையில்லை. மூலக் கோப்பின் மேலேயே கை வைப்பது நம் ஆட்கள்தான். நான் ஒருவரிடம் தரவு கேட்டபோது "பழைய லப்டொப்போடு போயிட்டு" என்றார், அவ்வளவுதான். அதனால் எல்லாரும் இதைச் செய்யுங்கள். வந்த தரவை வந்தபடியே தனிக் கோப்பில் பூட்டி வையுங்கள். திருத்தங்களை ஆர் (R) அல்லது பைத்தன் என்ற கணினி மொழியில் எழுதுங்கள், எந்த வரியில் என்ன மாறியது என்று அப்போது யாரும் பார்க்கலாம். முடிந்ததும் செனோடோ (Zenodo) என்ற இணையத் தரவுக் களஞ்சியத்தில் ஏற்றுங்கள். ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வு நிலையமான சேர்ன் நடத்துகிறது, காசு இல்லை, டிஓஐ (DOI) என்ற நிரந்தர அடையாள இலக்கமும் கிடைக்கும், லப்டொப் செத்தாலும் தரவு இருக்கும். அப்புறம், என்ன அளக்கப் போகிறீர்கள், எப்படிக் கணக்கிடப் போகிறீர்கள் என்பதைத் தொடங்க முதலே ஓஎஸ்எஃப் (OSF) என்ற ஆய்வுத் திட்டப் பதிவுத் தளத்தில் பதிந்துவிடுங்கள். விடையைப் பார்த்துவிட்டுக் கேள்வியை மாற்றுகிற பழக்கத்துக்கு அங்கே இடமில்லை. 2015இல் உளவியலாளர் பிரயன் நோசெக் குழுவினர் 100 உளவியல் ஆய்வுகளைத் திருப்பிச் செய்தார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல்படி தேறியவை, அதாவது தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத முடிவு தந்தவை. திரும்பச் செய்தபோது தேறியது 36 சதவீதம். வசதியான நாடுகளின் நிலையே இது என்றால், நம் கம்பஸ் பிள்ளைகளுக்கு முதலாம் வருடத்திலேயே இதைப் படிப்பிக்க வேண்டாமா?

வட்டை விதானை:
ஒலுவில் சேர் சொல்வது தரவு கணினிக்குள் வந்த பிறகு நடக்கிற வேலை. வயலிலேயே குறையோடு பிறந்த தரவைச் செனோடோவில் ஏற்றி என்ன பயன்? சம்மாந்துறையில் எங்கள் வட்டையில் (வயல்வெளியில்) இரண்டு நெல் இனங்களை ஒப்பிட வந்தார்கள். ஒன்றைக் காலையில் வெட்டிப் பனியோடு நிறுத்தார்கள், சாக்குக்குள் கையை விட்டால் நெல் விரலில் ஒட்டியது. மற்றது ஒரு நாள் களத்தில் காய்ந்து, சலசலவென்று கொட்டியது. தாளில் இரண்டுக்கும் கிலோ மட்டும்தான், ஈரம் எவ்வளவு என்று எழுத ஒரு கட்டம்கூட இல்லை. 20 சதவீத ஈரத்தில் 5,000 கிலோ நின்ற நெல், வழமையான 14 சதவீதக் கணக்குக்கு வந்தால் ஏறக்குறைய 4,650 கிலோதான். எந்த இனம் நல்லது என்று அந்தத் தாளை வைத்து எப்படிச் சொல்வது? அதை நம்பி விதைநெல் வாங்குவது நாங்கள். அடுத்த போகம் ஈரமானியோடு வந்தால்தான் என் வயலில் அறுக்க விடுவேன் என்று சொல்லிவிட்டேன்.