தையல் வகுப்பில் எல்லாருமே ‘மிக நன்று’ போடுகிறார்கள். உண்மையான கருத்தை எப்படி வாங்குவது?

மாலைவகுப்பு:
மூன்று மாதத் தையல் பயிற்சி. 24 பேர், பெரும்பாலும் 30 வயதைத் தாண்டிய பெண்கள். கடைசி நாளில் 12 கேள்விகள் கொண்ட கருத்துப் படிவம் தருகிறோம். எல்லாவற்றுக்கும் ‘மிக நன்று’ என்றே டிக் விழுகிறது. ஆனால் பிளவுஸ் கட்டிங் தொடங்கியதும் நாலைந்து பேர் நின்றுவிடுகிறார்கள். படிவத்தில் எதை மாற்றலாம்?

கத்தரிக்கோல்:
படிவத்தை விடுங்கள், முதலில் நாளை மாற்றுங்கள். சான்றிதழ் வாங்கப்போகும் நேரத்தில், சொல்லிக்கொடுத்தவர் எதிரில் நிற்க, யார் குறை எழுதுவார்கள்? நின்றுபோனவர்கள் அன்று அங்கே இருப்பதே இல்லை. மூன்றாம் வாரத்தில் ஒருமுறை, பிளவுஸ் கட்டிங்கின் இரண்டாவது வகுப்பில் ஒருமுறை கேளுங்கள். இரண்டே கேள்வி: ‘இன்று எந்த இடத்தில் கை நின்றது?’, ‘எதைத் திரும்பச் செய்து காட்ட வேண்டும்?’ ‘வகுப்பு பிடித்ததா?’ என்றால் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். ‘பாடமும் வேகமும் சரியா?’ என்று இரண்டை ஒன்றாகக் கேட்டால், பதில் எதற்கு என்றே தெரியாது.

புளியங்கொட்டை:
எழுதத் தயங்குபவர்களுக்கு நாலு டப்பா வையுங்கள்: அளவெடுப்பது, வரைவது, வெட்டுவது, தைப்பது. ஒவ்வொன்றிலும் அதற்குரிய படம் ஒட்டுங்கள். ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை; கஷ்டமான வேலைக்குரிய டப்பாவில் போடவேண்டும், மூன்றையும் ஒன்றிலேயே போடலாம். டப்பாவின் வாயைத் துணியால் மூடிக் கை நுழையும் அளவுக்குப் பிளவு விடுங்கள். உள்ளே தெரிந்தால் முதலில் போட்டவரைப் பார்த்தே மற்றவர்களும் போடுவார்கள். ஆசிரியர் அந்த ஐந்து நிமிடம் வெளியே இருக்கட்டும்.

72 கொட்டையில் பாதிக்குமேல் ‘வரைவது’ டப்பாவில் விழுந்தால், வரையும்போது போடும் அளவுக் கணக்கைப் பாருங்கள். மார்பளவு 36 அங்குலம் என்றால் நாலில் ஒரு பங்கு 9. அதுவே 35 என்றால் 8¾. டேப்பில் அந்த முக்கால் அங்குலத்தைத் தேடும்போதுதான் பலர் திணறுவார்கள். பின்னம் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு ‘வீட்டில் வேலை’ என்று நின்றுவிடுவதும் உண்டு. அரை மணி நேரம் டேப்பை மட்டும் வைத்துப் பழக்குங்கள்.

மாலைவகுப்பு:
நன்றி. ஏற்கெனவே நின்றவர்களிடம் எப்படிக் கேட்பது?

கத்தரிக்கோல்:
ஒரு வாரத்துக்குள் போன் செய்யுங்கள், ஆசிரியர் அல்லாத ஒருவர். ‘ஏன் வரலை?’ என்பது விசாரணை மாதிரி ஒலிக்கும். ‘கடைசியா எது வரைக்கும் முடிச்சீங்க?’, ‘எந்த நேரம் வெச்சா தோதுப்படும்?’ என்று கேட்கலாம். பாடம், நேரம், பயணம், வீடு என்று நாலு தலைப்பில் குறித்துவையுங்கள்.

இன்னொன்று. கருத்து வாங்கிய அடுத்த வகுப்பின் தொடக்கத்திலேயே எதை மாற்றினோம், எதை மாற்ற முடியவில்லை, ஏன் என்று இரண்டு நிமிடம் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை கொட்டைகளைக் கைக்கு எட்டிய டப்பாவில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.