தோசை ஓடிய திசை

போன பொங்கல் லீவில் நடந்தது. சித்தப்பா பையன் ஒரு ட்ரெய்லர் வைத்திருக்கிறான். காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற வகை. உள்ளே படுக்கை, அடுப்பு, கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ். சாவியைக் கேட்டு வாங்கி, ஈசிஆரில் கோவளம் தாண்டி ஒரு சவுக்குத் தோப்பில் நிறுத்தினோம். இறங்கியதும் காரைக் கழற்றினேன். அங்கேயே தப்பு ஆரம்பம்.

ராத்திரி முழுக்கப் பையன் என்மேல் உருண்டுகொண்டே இருந்தான். காலையில் மாவை ஊற்றினால் கல்லின் ஒரு ஓரத்துக்கு ஓடுகிறது. "இது தோசையா, இலங்கை மேப்பா?" என்றாள் மனைவி. ஃபிரிட்ஜில் வைத்த பாலும் திரிந்திருந்தது.

நாலு மூலையிலும் மடக்குக் கால் இருக்கிறதே, தாழ்ந்த பக்கத்தை அதால் தூக்கிவிடலாம் என்று சுற்றினேன். வண்டி எழவில்லை. கால் மணலுக்குள் இறங்கி, வளைந்தே போனது.

பக்கத்து மனையில் காம்பவுண்ட் கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரி வந்தார். "இன்னா சார், முட்டுக் குடுக்குற கால வச்சி வண்டியத் தூக்கினு இருக்கீங்க? அது ஆடாம நிக்கத்தான். எங்க கலவ மெஷினக்கூட இப்டி நிறுத்த மாட்டோம்."

ரசமட்டத்தை, அதுதான் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் குமிழிக் கட்டையை, வண்டிக்குள் தரையில் குறுக்கே வைத்தார். குமிழி இடப்பக்கம் ஏறி நின்றது. அப்படியென்றால் வலது சக்கரம் தாழ்வு. காரைத் திரும்ப மாட்டச் சொல்லி, வலது சக்கரத்துக்கு முன்னால் சென்ட்ரிங் பலகையை அடுக்கி மெதுவாக ஏற்றச் சொன்னார். சக்கரங்களுக்கு நடுவே 6 அடி என்றால், 1 டிகிரி சாய்வுக்குக் கிட்டத்தட்ட ஒன்றேகால் அங்குலம் தூக்க வேண்டும். எங்களுக்கு இரண்டு பலகை பிடித்தது. குமிழி நடுவுக்கு வந்ததும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தோம். அப்புறம்தான் காரைக் கழற்றி, வண்டியின் முன்மூக்கில் இருக்கும் ஜாக்கியால் முன்பின் மட்டம். மூலைக் கால்கள் கடைசியில், அடியில் பலகை போட்டு, தரையைத் தொட்டு அழுந்தும் அளவுக்கு மட்டும்.

ஃபிரிட்ஜ் விஷயம் பின்னால்தான் தெரிந்தது. அதில் கம்ப்ரசர் கிடையாது. அம்மோனியா கலந்த நீரைச் சூடாக்கித்தான் குளிரூட்டுகிறது; திரவம் தன் எடையால் குழாயில் இறங்கி வர வேண்டும். வண்டி சாய்ந்தால் வழியில் தேங்கிவிடும். அப்படியே நாள்கணக்கில் ஓட்டினால் ஃபிரிட்ஜே போய்விடும். நான் பாவம் பால்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

---

இதைப் படித்த ஒருவர் எழுதியது: நான் மட்டம் பார்க்கும் செல்போன் ஆப்பை நம்பிக் கெட்டவன். பின்புறக் கேமரா மேடு போனையே சாய்த்துவிடுகிறது. இப்போது 150 ரூபாய் ரசமட்டம்தான். ஒரு முறை வைத்துப் பார்த்து, அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி வைத்தும் பார்ப்பேன். இரண்டு தடவையும் குமிழி தரையின் ஒரே பக்கம் நின்றால் தரைதான் சாய்வு. பக்கம் மாறினால் ரசமட்டத்திலேயே கோளாறு.

---

இன்னொருவர் எழுதியது: ஐப்பசி மழையில் போகிறவர்கள் கவனிக்க: சாயங்காலம் மட்டமாக நின்ற எங்கள் வண்டி விடிகாலையில் இடது பக்கம் உட்கார்ந்திருந்தது. ஈரக் களிமண். சக்கரத்துக்கு அடியில் அகலப் பலகை போட்டிருக்க வேண்டும். கதவு தானாகத் திறந்து, தெருநாய் உள்ளே படுத்திருந்தது தனிக்கதை.

அது கிடக்கட்டும், மேஸ்திரிக்கு என்ன கொடுத்தீங்க சார்?

---

என் பதில்: காசு வாங்க மறுத்துவிட்டார். முதல் வட்டத் தோசை அவருக்குத்தான் போனது.