ஸ்பிறைற் ஓட்டிப் பழகிய கைக்கு இன்றைய கார்களில் எது பொருந்தும்?

நல்லூரான்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பெரிய மாமா கொழும்பில் உத்தியோகம் பார்த்த காலத்தில் வாங்கி, ஓய்வுபெற்று ஊருக்குத் திரும்பியபோது தம்மோடு கொண்டுவந்த 1959ஆம் ஆண்டு ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் ஒன்று பதினொரு ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. பொனற்றின் மேல் தவளைக் கண்போல விளக்குகள் துருத்தி நிற்கும் அந்த முதல் வகைதான். கதவுக்கு வெளியே கைபிடி கிடையாது. உள்ளே கையை விட்டுத்தான் திறக்க வேண்டும். பொனற்றைத் தூக்கினால் இரண்டு மட்காட்டும் விளக்குகளும் அதனோடு சேர்ந்தே மேலெழும்பும். 948 சி.சி. எஞ்சின் தருவது 43 குதிரைவலு மட்டுமே என்றாலும், முழுக் காரும் 700 கிலோவுக்கு உட்பட்டது என்பதால், மாலையில் பண்ணைப் பாலத்தால் ஊர்காவற்றுறைப் பக்கம் போகும்போது வீதியில் கிடக்கும் சிறு கல்லும் ஸ்டியரிங் வழியாக உள்ளங்கைக்குத் தெரியும்.

இப்போது எனக்குக் கிளிநொச்சிக்கு இடமாற்றம் கிடைத்துவிட்டது. சென்ற மாதம் ஆனையிறவுக்கு அருகே எதிரே வந்த பஸ் ஒன்று லொறியை முந்திக்கொண்டு என் பாதிக்கு வந்தபோது பிறேக்கை அழுத்தினேன்; நான்கு சில்லுகளிலும் உருளைக்குள் பட்டைகள் விரிந்து உரசும் பழைய டிரம் பிறேக்தான் என்பதால், கார் நிற்பதற்கு முன் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு மணலுக்குள் இறங்கிவிட்டது. பக்கத்து இருக்கையில் மகள் இருந்தாள். ஆசனப்பட்டி இல்லை. அவளுக்குக் கையில் சிராய்ப்போடு போயிற்று. ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மாமாவின் காரை விற்க மாட்டேன். நாளாந்தப் பயணத்துக்கு மட்டும் இன்னொன்று வேண்டும். நண்பர் ஒருவரின் 200 குதிரைவலுக் காரை ஓட்டிப் பார்த்தேன். வேகம் இருந்தது, ஆனால் அது கையோடும் காலோடும் பேசத் தொடங்குவதற்கு முன்பே நம் வீதிகளின் வேக எல்லை கடந்துபோய்விடுகிறது. பாரம் குறைந்த, கையால் கியர் மாற்றுகிற, கூரை திறக்கிற, பின்சில்லுகளால் ஓடுகிற கார் எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள்.

சுன்னாகம் கராச்:

தம்பி, நீங்கள் கேட்பது வேகத்தை அல்ல என்பதை முதலில் விளங்கிக்கொண்டேன். ஸ்பிறைற்றின் எஞ்சின் மொறிஸ் மைனர் 1000இல் இருந்த அதே குடும்பத்து எஞ்சின். ஸ்டியரிங்கின் திருப்பத்தை முன்சில்லுகளுக்குக் கடத்தும் றக்கும் மைனருடையதே. சில்லுகளைத் தாங்கும் முன்பக்கச் சஸ்பென்சன் ஒஸ்ரின் ஏ35 என்ற சிறு குடும்பக் காரிலிருந்து வந்தது. 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமற் போனபோது, கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டுக் கிளப்பி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி நாங்கள் ஓடவைத்த கார்கள் இந்த வகையைச் சேர்ந்தவைதாம். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இவ்வளவு சாதாரண உதிரிப்பாகங்களைக் கொண்டு அவ்வளவு இன்பமான கார் ஒன்றைச் செய்ய முடிந்ததற்குப் பாரக் குறைவும், ஒடுங்கிய ரயரும், கைக்கும் சில்லுக்கும் இடையில் வேறெதுவும் இல்லாமையுமே அடிப்படை. ஒடுங்கிய ரயர் குறைந்த வேகத்திலேயே சற்று வழுக்கத் தொடங்கும். அதனால்தான் ஓட்டுபவருக்கு மணிக்கு நாற்பது, ஐம்பது கிலோமீற்றர் வேகத்திலும் வேலை இருக்கிறது. நண்பரின் காரில் நீங்கள் காணாதது இதுதான்.

ஆகவே என் விடை மஸ்டா எம்.எக்ஸ்-5. ஜப்பானில் அதை ரோட்ஸ்டர் என்பார்கள். 1989இல் அதை வெளியிட்டவர்கள், லோட்டஸ் எலான் போன்ற பழைய ஆங்கிலேயத் திறந்த கார்களை முன்னே வைத்துக்கொண்டுதான் அதை உருவாக்கினார்கள். முதல் வகையில் 1.6 லீற்றர் எஞ்சின், நான்கு சில்லுக்கும் மேலும் கீழுமாக இரு கைகள் தாங்கும் இரட்டை விஷ்போன் சஸ்பென்சன், பாரம் ஏறத்தாழ 950 கிலோ. பவர் ஸ்டியரிங் இல்லாத ஒன்று அகப்பட்டால் அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் பழையது வாங்கும்போது கதவுக்குக் கீழுள்ள சில்ஸ் பகுதியை விரலால் தட்டிப் பாருங்கள், குறிப்பாகப் பின்சில்லுக்கு முன்னால். நம் கடற்காற்று அங்கேதான் முதலில் தின்னும்.

இணுவில் மருமகள்:

அண்ணா, நான் ஹிரோஷிமாவில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்த காலத்தில் 2015இல் வந்த புதிய ரோட்ஸ்டரையே ஓட்டினேன் என்பதால், கராச் ஐயா சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். அங்கே அப்போது துணிக் கூரையுள்ள வகைக்கு 1.5 லீற்றர் எஞ்சின்தான், 131 குதிரைவலு, அதில் மிக எளிய வகை 990 கிலோ. இருக்கையில் இருந்தபடியே ஒற்றைக் கையால் கூரையைப் பின்னே மடித்துவிடலாம். வளைவில் காரின் உடல் வெளிப்படையாகச் சரியும். அதைக் குறையென்று எழுதியவர்கள் உண்டு. எனக்கோ அந்தச் சரிவுதான் எவ்வளவு பிடி மிஞ்சியிருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லித்தந்தது. கியர் தண்டு மணிக்கட்டின் அசைவுக்கே இடம் மாறும். ஸ்டியரிங் மின்சார உதவியோடு இயங்குவதால், மாமாவின் காரில் நீங்கள் உணர்கிற கல்லும் மண்ணும் அதே அளவுக்குக் கைக்கு வராது. இதை மறைத்து உங்களுக்குப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை. ஆனால் பிறேக், ஆசனப்பட்டி, காற்றுப்பை ஆகிய மூன்றையும் நினைத்தால், மகளை ஏற்றிக்கொண்டு ஏ9 வீதியில் போக நான் இதைத்தான் எடுப்பேன்.

சிறிய எஞ்சின் கார்களைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். டைஹட்சு கோப்பன் நல்ல கார், ஆனால் அதை இழுப்பது முன்சில்லு. ஹொண்டா எஸ்660 நடுவில் எஞ்சின் வைத்த, 830 கிலோ எடையுள்ள அருமையான கார். உணர்வில் ஸ்பிறைற்றுக்கு மிக அண்மையில் நிற்பது அதுதான் என்று நினைக்கிறேன். எனினும் அதில் ஒரு பையை வைக்கவும் இடமில்லை. 2022இல் உற்பத்தியும் நின்றுவிட்டது. 2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குத் திறந்துவிடப்பட்டாலும், பாவித்த கார்களுக்கு வயது வரம்பு இருப்பதால் ஏற்கெனவே நாட்டில் பதிவானதையே தேட வேண்டிவரும். ரோட்ஸ்டரை இறக்குவதானால் வரி எஞ்சின் கொள்ளளவைப் பொறுத்தது. 2 லீற்றரை விட 1.5ஐயே கேளுங்கள்.

வடமராட்சியான்:

மேலே இருவரும் சொன்னவற்றில் பிழையில்லை. ஆனால் மாற்றுக் காரைத் தேடுவதற்கு முன்னர், இருக்கும் காரின் பிறேக்கைச் சரிசெய்ய வேண்டும் என்று யாரும் சொல்லாதது எனக்குக் கவலையளிக்கிறது. ஒரு பக்கம் இழுத்தது என்றால் ஏதோ ஒரு முன்சில்லின் பிறேக் சிலிண்டர் இறுகியிருக்கலாம், அல்லது எண்ணெய் கசிந்து லைனிங்கில் பட்டிருக்கலாம். 1962இல் 1098 சி.சி. எஞ்சினோடு வந்த ஸ்பிறைற்றுக்கு முன்சில்லுகளில், சுழலும் தட்டை இருபுறமும் இறுக்கிப் பிடிக்கும் டிஸ்க் பிறேக் கொடுத்தார்கள். அந்தப் பாகங்களைத் தவளைக்கண் காருக்கு மாற்றுவது இதனை வைத்திருப்போர் பலர் செய்யும் வேலை. இன்னொன்று: இந்தக் காரின் பின்பக்க வில்தகடுகள், ஒரு முனை மட்டும் காரின் உடலில் இறுகப் பூட்டிய கால்வட்ட வகை. பின்பாரம் முழுவதும் இருக்கைகளுக்குப் பின்னால் தரைத்தகட்டோடு ஒட்டிய பெட்டிகளில்தான் தங்குகிறது. அந்தப் பெட்டி துருப்பிடித்திருந்தால் எந்தப் பிறேக்கும் உதவாது. கம்பளத்தைக் கிளப்பிச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். மொத்தென்று கேட்டால் வெட்டி ஒட்டும்வரை காரை வெளியே எடுக்க வேண்டாம்.

சோழகக் காற்றுக் காலத்தில் ஆனையிறவில் பாரம் குறைந்த எந்தக் காரும் பக்கவாட்டில் அசையும். ரோட்ஸ்டரை வாங்கினாலும் இதை மறக்காதீர்கள்.

நல்லூரான்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை கம்பளத்தைக் கிளப்பிப் பார்த்தேன். வலப்பக்கப் பெட்டியில் சத்தம் தெளிவாக இருந்தது. இடப்பக்கம் ஒரு விரல் அகலத்துக்குத் தகடு பொரிந்து, தட்டியபோது செந்தூள் உதிர்ந்தது. முன் இடது சிலிண்டரும் வடமராட்சி அண்ணை சொன்னபடியே இறுகித்தான் இருந்தது. கராச் ஐயாவுக்கு வசதிப்பட்டால் ஞாயிற்றுக்கிழமை காரைச் சுன்னாகத்துக்கு ஏற்றிக்கொண்டு வருகிறேன், ஓட்டிவர மாட்டேன். டிஸ்க் பிறேக்குக்கும் சொல்லி வைக்கிறேன்.

கொழும்பில் 1.5 ரோட்ஸ்டர் ஒன்று விற்பனைக்கு இருப்பதாக அறிந்து, அடுத்த வாரம் மகளையும் அழைத்துக்கொண்டு பார்க்கப் போகிறேன். தங்கை சொன்ன அந்தச் சரிவை நானே வளைவில் உணர்ந்து பார்க்க வேண்டும். அதுவரை கிளிநொச்சிக்குப் பஸ்ஸில் போய்வருகிறேன்.