புதுப்பிப்பு: ரீலோடிங் மேசை உயரம், 36லிருந்து 39½ அங்குலம்

டெக்சாஸில் எங்கள் வீட்டு கராஜில் தோட்டா ரீலோடிங்குக்கு (சுட்டு முடிந்த வெற்று உறையில் மறுபடி வெடிமருந்தும் குண்டும் போட்டுத் தோட்டா ஆக்குவது) மேசை போடுகிறேன், நின்று வேலை செய்ய எவ்வளவு உயரம் சரிவரும் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பலரும் சமையலறை மேடை உயரமான 36 அங்குலம் என்றீர்கள். அப்படியே செய்தேன். தப்பு என்னுடையதுதான்: மேசையை அளந்தேன், மேசைமேல் பொருத்தும் பிரஸ், அதாவது உறையை அழுத்தும் கருவியின் கைப்பிடி எங்கே போய் நிற்கும் என்று பார்க்கவில்லை.

கைப்பிடியை முழுசாக அழுத்தினால் கை மேசை விளிம்புக்கும் கீழே போகிறது. ஒவ்வொரு தடவையும் இடுப்பை வளைத்தாக வேண்டும். நூறு வெற்றுக் கேஸை (தோட்டா உறை) அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து முடித்த அன்று நிமிரவே முடியவில்லை.

சரி என்று நாலு காலுக்கும் கீழே 4×4 கட்டை கொடுத்தேன். பெயர்தான் நாலு, உள்ளபடி மூன்றரை அங்குலம். ஆக 39½. என் உயரம் ஐந்தடி ஒன்பது; இப்போது குனியாமல் தோளாலேயே அழுத்த முடிகிறது. உட்கார 28 அங்குல ஸ்டூல் போதும்.

உயர்த்தியதும் மேசை ஆட ஆரம்பித்தது. சுவருக்குள் 16 அங்குலத்துக்கு ஒன்றாக இருக்கும் மரச்சட்டங்களில் போல்ட் போட்டு இறுக்கிய பிறகுதான் அடங்கியது.

அப்புறம் தராசு. பிரஸ் அதிர்வில் முள் நடுங்கியதால், சுவரில் கண் மட்டத்துக்குத் தனிப் பலகை அடித்து அதில் வைத்துவிட்டேன். வெடிமருந்து எடை பார்க்கக் குனியும் வேலையும் போனது.