யூ.பி.எஸ். வாங்கும்போது நான் பார்க்கத் தவறிய எண்

வீட்டுக் கணினிக்கு முதன்முதலாக யூ.பி.எஸ். வாங்கியபோது, பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட்டிருந்த 600 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) என்ற எண்ணை மட்டுமே பார்த்தேன். சாதாரண வேலைகளின்போது மின்சாரம் தடைப்பட்டால் அது ஒழுங்காகவே தாங்கியது. ஆனால், நாள் முழுவதும் தொகுத்த காணொளியைக் கணினி இறுதிக் கோப்பாக மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் மின்சாரம் நின்றபோது, யூ.பி.எஸ். சில நொடிகள் விடாமல் ஒலியெழுப்பிவிட்டு அணைந்துபோனது. பேட்டரி பழுதென்றே முதலில் எண்ணினேன். பிறகுதான் பெட்டியின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் 360 வாட் என்று, அதாவது அது உண்மையில் தாங்கக்கூடிய மின்திறன், இருந்ததைக் கவனித்தேன். கணினியின் தேவையை இந்த எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். வாட் மீட்டர் ஒன்றைச் செருகிப் பார்த்தேன். சும்மா இருக்கையில் 90 வாட் எடுத்த கணினியும் திரையும் அந்த வேலையின்போது 400 வாட்டைத் தொட்டன.

இப்போது வைத்திருப்பது 1000 வி.ஏ., 600 வாட் அளவுள்ள லைன் இன்டராக்டிவ் வகை. மின்னழுத்தம் ஓரளவு ஏறி இறங்கினால் பேட்டரியைப் பயன்படுத்தாமலேயே அதைச் சரிசெய்துவிடுகிறது. பேட்டரியில் ஓடும்போதும் வீட்டு மின்சாரத்தைப் போலச் சீராக வளைந்த சைன் அலை தரும் மாதிரியை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன், ஏனெனில் ஆக்டிவ் பி.எஃப்.சி. (மின்சாரத்தை வீணாக்காமல் சீராக இழுக்கும் சுற்று) உள்ள கணினி பவர் சப்ளைகளில் சில, படிக்கட்டு வடிவ அலை கிடைத்தால் அணைந்துவிடுவதுண்டு. லேசர் பிரின்டரை மட்டும் இதில் இணைக்கவில்லை, ஏனெனில் அதன் சூடேற்றி திடீரென மிகுந்த மின்சாரத்தை இழுக்கும்.

———

திடீர் மின்னழுத்த உயர்விலிருந்து கருவிகளைக் காக்கும் சர்ஜ் புரொடெக்டரைப் பற்றி என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். இடி மின்னல் மிகுந்த ஓர் இரவுக்குப் பின் என் கணினி இயங்கியது, ஆனால் நெட்வொர்க் போர்ட் கருகியிருந்தது. மின்கம்பி வழியை மட்டும் காத்துவிட்டு, இணையக் கேபிள் வழியைத் திறந்தே விட்டிருந்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது. பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் இன்னொன்றையும் கண்டுபிடித்தார்: அந்த பிளக் பாயின்ட்டில் எர்த் கம்பி இணைக்கப்படவே இல்லை. மிகை மின்சாரத்தின் பெரும்பகுதியை எர்த்துக்குத் திருப்பிவிட வேண்டிய கருவிக்கு அந்த வழியே இல்லாமல், பல ஆண்டுகள் அதை நம்பி இருந்திருக்கிறேன். உள்ளிருக்கும் வேரிஸ்டர்கள் (மிகை மின்னழுத்தத்தைத் திருப்பிவிடும் பாகங்கள்) ஒவ்வொரு தாக்குதலிலும் சிறிது தேய்பவை என்பதால், பாதுகாப்பு விளக்கு அணைந்திருந்த அந்தப் பழைய கருவியையும் அன்றே மாற்றினேன். இப்போது கடும் இடி கேட்டால் மின்செருகியோடு இணையக் கேபிளையும் கழற்றிவிடுகிறேன்.