புதுப்பிப்பு: 'டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற மாட்யூல் இல்லை' பிழை தீர்ந்தது

உபுண்டு 22.04-இலிருந்து 24.04-க்கு மாறியதும் பழைய பைத்தான் புராஜெக்ட் ஒன்று 'டிஸ்ட்யூட்டில்ஸ் மாட்யூல் இல்லை' என்று நின்றுவிடுகிறது எனக் கேட்டிருந்தேன். (டிஸ்ட்யூட்டில்ஸ் என்பது பைத்தான் நிரல்களைப் பொதிகளாக்கி நிறுவ, பைத்தானுடனேயே வந்துகொண்டிருந்த நூலகம்.) தீர்ந்துவிட்டது.

காரணம் இதுதான்: 24.04-இல் வருவது பைத்தான் 3.12. 2023 அக்டோபரில் வெளியான அந்தப் பதிப்பிலிருந்து டிஸ்ட்யூட்டில்ஸை அடியோடு நீக்கிவிட்டார்கள். அதனால் அந்தப் பெயரில் பிப் இன்ஸ்டால் (பைத்தான் நூலகங்களை நிறுவும் கட்டளை) கொடுத்துப் பயனில்லை. உடனடி வைத்தியம், அதே வேலையைச் செய்யும் செட்அப்டூல்ஸ் என்ற தனி நூலகம். அதற்குள் டிஸ்ட்யூட்டில்ஸின் நகல் ஒன்று இருக்கிறது, பழைய இம்போர்ட் வரியை அது தாங்கிக்கொள்ளும். ஆனால் 3.12 முதல் புதிய வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டில் (ஒரு புராஜெக்டுக்கென்று தனியே வைக்கும் பைத்தான் சூழல்) செட்அப்டூல்ஸ் தானாக வராது, நாம்தான் போட வேண்டும். சிஸ்டம் பைத்தானிலேயே பிப் மூலம் போடலாம் என்றால் உபுண்டு விடாது. விடாததும் நல்லதுதான்.

அப்புறம் டிரேஸ்பேக்கின் (பிழை எந்த வரியில் வந்தது என்று காட்டும் பட்டியல்) கடைசி வரிகளைப் பார்த்தேன். டிஸ்ட்யூட்டில்ஸைப் பயன்படுத்தியது இரண்டே இடங்களில். ஒன்று, பதிப்பு எண்களை ஒப்பிட உதவும் லூஸ்வெர்ஷன். அதை பேக்கேஜிங் நூலகத்தின் வெர்ஷனாக மாற்றினேன். இது கறாரான ஆள்: '1.0-பழசு' மாதிரி கண்டபடி எழுதிய எண்ணைக் கொடுத்தால் பிழை வீசும். மற்றொன்று 'யெஸ்', 'ஆன்' போன்றவற்றை 1 ஆக்கும் ஸ்ட்ர்டுபூல். அதற்கு நேரடி மாற்று இல்லை, நாலு வரியில் நானே எழுதிக்கொண்டேன்.

செட்அப்டூல்ஸ் போடச் சொன்னவர்களுக்கு நன்றி. இப்போது அது இல்லாமலே ஓடுகிறது.